பரிவு, எதிர்ப்பரிவு நரம்புகள் இரண்டின் முடிச்சுகளிலும் ஒரே நிக்கோட்டினிக் ஏற்பி இருக்கும்போது எதிரெதிர் விளைவுகள் எப்படி உண்டாகின்றன?

மருந்தியல் பயிற்றுவிக்கும் எனக்கு மாணவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. நம் விருப்பமின்றியே உறுப்புகளை இயக்கும் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் இரு பிரிவுகளே பரிவு, எதிர்ப்பரிவு நரம்புகள்; முதல் நரம்பணு இரண்டாம் நரம்பணுவைச் சந்திக்கும் இடமே முடிச்சு; அங்கே அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளாக வரும் செய்தியைப் பெறும் புரதமே நிக்கோட்டினிக் ஏற்பி. விளைவு என்னவாக இருக்க வேண்டும் என்பதை முடிச்சில் உள்ள ஏற்பி தீர்மானிப்பதில்லை. தண்டுவடத்திலிருந்தோ மூளைத்தண்டிலிருந்தோ வரும் நரம்பின் செய்தியை அடுத்த நரம்பணுவிடம் ஒப்படைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அந்த இரண்டாம் நரம்பணு உறுப்பில் எதைச் சுரக்கிறது, உறுப்பில் அதற்கு எந்த ஏற்பி இருக்கிறது என்பவையே விளைவைத் தீர்மானிக்கின்றன. இதயத்தில் பரிவு நரம்பு நார்அட்ரினலினைச் சுரந்து துடிப்பைக் கூட்டுகிறது. எதிர்ப்பரிவுப் பிரிவைச் சேர்ந்த வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலினைச் சுரந்து, மஸ்கரினிக் என்ற வேறு வகை ஏற்பிகளின் வழியாகத் துடிப்பைக் குறைக்கிறது.

முடிச்சில் நடப்பது மிக வேகமானது. நிக்கோட்டினிக் ஏற்பியில் ஐந்து புரதத் துணையலகுகள் வட்டமாக அமைந்து நடுவில் ஒரு துளையை உண்டாக்குகின்றன. தன்னியக்க முடிச்சுகளில் பெரும்பாலும் ஆல்ஃபா-3, பீட்டா-4 என்ற வகைகள் இதில் சேர்கின்றன. இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் பிணைந்ததும் துளை திறந்து சோடியம் உள்ளே பாய, சில மில்லி விநாடிகளுக்குள் அடுத்த நரம்பணு தூண்டப்படுகிறது. அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியான மெடுல்லாவின் செல்களும் இதே ஏற்பியின் மூலமாகவே தூண்டப்பட்டு அட்ரினலினை நேரடியாக இரத்தத்தில் விடுகின்றன. அந்தச் செல்களை, செய்தியைக் கடத்தும் நீண்ட இழை இல்லாத இரண்டாம் நரம்பணுக்களாகவே நான் கருதுவேன்.

இந்த ஏற்பியை மட்டும் அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பதே விஷயத்தைப் புரிந்துகொள்ளச் சிறந்த வழி. 1950-களில் உயர் இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்பட்ட ஹெக்ஸாமெத்தோனியம் இரு பிரிவுகளின் முடிச்சுகளையும் ஒருசேர அடைத்தது. ஆனால் இரண்டும் சமமாக அடைபட்டதால் எதுவும் மாறவில்லை என்று ஆகவில்லை. ஒவ்வோர் உறுப்பிலும் வழக்கமாக எந்தப் பிரிவின் கை ஓங்கியிருந்ததோ அதன் இழப்பே வெளியே தெரிந்தது. இரத்தக் குழாய்கள் பரிவு நரம்பின் பிடியில் இருப்பவை என்பதால் அவை விரிந்து, எழுந்து நின்றாலே அழுத்தம் சரிந்தது. ஓய்வில் இருக்கும் இதயத்தை வேகஸ் அடக்கி வைத்திருப்பதால் அங்கே துடிப்பு கூடியது. கண்ணின் பாவை விரிந்தது, வாய் உலர்ந்தது, மலச்சிக்கலும் சிறுநீர்த் தேக்கமும் வந்தன, வியர்வை குறைந்தது. இத்தனை தொல்லைகளைத் தந்த மருந்து நிலைக்காமல் போனதில் வியப்பில்லை. ஆயினும் தன்னியக்க நரம்பு மண்டலத்தைக் கற்பிக்க அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

நிக்கோட்டினின் குழப்பமும் இதையொட்டியதே. 1889-இல் லாங்லி, டிக்கின்சன் என்ற ஆய்வாளர்கள் கழுத்தின் மேல் பரிவு முடிச்சில் நிக்கோட்டினைத் தடவிய பின், முடிச்சுக்கு முந்தைய இழையைத் தூண்டினால் பலனில்லை, பிந்தைய இழையைத் தூண்டினால் பலன் உண்டு என்று கண்டார்கள். ஏனெனில் நிக்கோட்டின் முதலில் ஏற்பியைத் திறந்து தூண்டினாலும், அளவு மிகுந்தால் செல் முனைவழிந்த (உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள மின்வேறுபாடு குறைந்த) நிலையிலேயே நின்றுவிடுகிறது, ஏற்பியும் உணர்விழந்து மூடிக்கொள்கிறது. புகைப்பவரின் உடலில் சேரும் அளவு பெரும்பாலும் தூண்டும் அளவே என்பதால், பரிவு முடிச்சுகளும் அட்ரினல் மெடுல்லாவும் முந்திக்கொண்டு துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றுகின்றன.

எலும்புத் தசையில் உள்ள நிக்கோட்டினிக் ஏற்பியை இதனுடன் ஒன்றாகக் கருதிவிட வேண்டாம். அதன் துணையலகுகள் வேறு. ஹெக்ஸாமெத்தோனியம் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. தசை ஏற்பிக்கு எதிராக எதிர்ப்புரதம் உருவாகும் மையஸ்தீனியா கிரேவிஸ் நோயில் தசைகள் சோர்கின்றன. முடிச்சின் ஆல்ஃபா-3 துணையலகு கொண்ட ஏற்பிக்கு எதிராக அது உருவாகும் நோயிலோ, கைகால் வலிமை குன்றாமலேயே ஒருவர் எழுந்து நின்றால் மயங்கி விழுகிறார், வியர்வையும் உமிழ்நீரும் குறைகின்றன, ஒளி பட்டாலும் பாவை சரியாகச் சுருங்குவதில்லை.