எண்ணெயை நிறுத்தியும் டிரைகிளிசரைடு 280-இலிருந்து இறங்கவில்லை, ஏன்?

டிரைகிளிசரைடு என்பது ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு (280 என்பது mg/dL கணக்கு). எண்ணெயை மட்டும் குறைத்தால் இது பெரும்பாலும் இறங்காது. தேவைக்கு மேல் வரும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. எண்ணெயைக் குறைத்தவர்கள் பசிக்குக் கூடுதலாகச் சோறோ ரொட்டியோ சாப்பிடுவதால் அளவு அப்படியே நிற்கும். சிலருக்கு ஏறவும் செய்யும்.

முதலில் கைவைக்க வேண்டியது குடிக்கும் சர்க்கரையில். குளிர்பானம், இனிப்பு சேர்த்த காபி, டீ, பழச்சாறு எல்லாம் இதில் அடக்கம். "சர்க்கரை சேர்க்காத" ஆரஞ்சுச் சாறு 300 மில்லியில்கூட ஏறக்குறைய 25 கிராம் சர்க்கரை இருக்கும். பழத்தை முழுதாகச் சாப்பிடுங்கள். தேன், வெல்லம் என்று மாற்றுவதில் பயனில்லை, கல்லீரலுக்கு எல்லாம் ஒன்றுதான்.

அடுத்தது மது. டிரைகிளிசரைடு ஏற்கெனவே கூடியவர்கள் அறவே விடுவது நல்லது.

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, மீன் அல்லது முட்டை, மீதிக் கால் பங்குதான் சோறோ ரொட்டியோ. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்கள் வாரம் இருமுறை, பொரிக்காமல். கடையில் வாங்கும் மீன் எண்ணெய் மாத்திரையை நம்ப வேண்டாம். சாதாரண 1 கிராம் மாத்திரையில் ஒமேகா-3 என்ற பயனுள்ள மீன் கொழுப்பு சுமார் 300 மில்லிகிராம்தான். சிகிச்சைக்கான அளவோ நாளொன்றுக்கு 4 கிராம் வரை, அதுவும் மருத்துவர் சொல்லி.

உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே டிரைகிளிசரைடு ஏறத்தாழ 20 சதவீதம் இறங்கக்கூடும்.

மறுபரிசோதனைக்கு முந்தைய இரவு விருந்து, மது கூடாது. 10–12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சி (கணையம் வீங்கிப் புண்படுவது) அபாயம் உண்டு. அப்போது உணவை மட்டும் நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.