பெட்ரோல் விலை ஏறியதால் வண்டியை விட்டுவிட்டு வேறு வழிக்கு மாறியவர்கள் உண்டா? உண்மையிலேயே கட்டுப்படியாகிறதா?

மாறியிருக்கிறேன், ஆனால் முழுசாக இல்லை. காரை விற்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் அது வாசலில் வேப்பம்பூ உதிர்ந்து கிடக்க நிற்கிறது.

ஊர் சேரன்மகாதேவி. நாங்கள் சொல்வது சேர்மாதேவி. வேலை பாளையங்கோட்டையில். பத்தமடை, மேலச்செவல், முன்னீர்பள்ளம், மேலப்பாளையம் வழியாகப் போக வர 42 கிலோமீட்டர். என் பழைய கார் லிட்டருக்கு 14 தரும். குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டால் அதுவும் தராது. கணக்குக்கு லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தினம் 300. மாதத்துக்கு 24 நாள் போட்டால் 7,200. டயர், ஆயில், சர்வீஸ் எல்லாம் அதற்கு மேல்.

2021-இல் பெட்ரோல் நூறைத் தொட்டபோதே விட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் ஆகஸ்டில் தமிழக அரசு 3 ரூபாய் குறைத்தது, நவம்பரில் மத்திய அரசு 5 ரூபாய், அடுத்த மே மாதம் இன்னொரு 8 ரூபாய் குறைத்தது. ஒவ்வொரு முறையும் ‘சரி, இனி இறங்கிவிடும்’ என்று நானே என்னை ஏமாற்றிக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டினேன். இன்னொரு சாக்கும் இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் ரயிலிலும் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆகியிருந்தது. 2024 பிப்ரவரியில் அது பழையபடி 10 ரூபாய்க்கு வந்ததும், சொல்லிக்கொள்ள சாக்கு இல்லாமல் போய்விட்டது.

செங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி வரும் காலை பாசஞ்சரில் இப்போது போகிறேன். காரில் ஒரு நாள் போய்வரும் பெட்ரோல் காசுக்குள் ரயிலின் ஒரு மாத சீசன் டிக்கெட் அடங்கிவிடும். இதைக் கேட்டு நண்பர்கள் வாய் பிளப்பார்கள், ஆனால் அடுத்த நாள் யாரும் வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள். காரணம் எனக்குத் தெரியும். பிரச்சினை ரயிலில் இல்லை, ஜங்ஷனில் இறங்கிய பிறகு இருக்கிறது.

ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை நாலு கிலோமீட்டர் சொச்சம். முதல் மாதம் தினமும் ஆட்டோ பிடித்தேன். மாதக் கடைசியில் பார்த்தால் மிச்சம் பிடித்ததில் பாதி ஆட்டோவுக்கே போயிருந்தது. டவுன் பஸ்ஸில் போகலாம்தான், ஆனால் ரயில் கூட்டம் மொத்தமும் அதே நேரத்தில் அதே பஸ்ஸுக்குத்தான் ஓடும். கடைசியில் வீட்டில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளுக்கு டயர் மாற்றி, ஜங்ஷன் பக்கம் ஒரு சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் மாதம் 150 ரூபாய்க்கு நிறுத்திக்கொள்ளப் பேசினேன். ராத்திரி கடைக்குள், பகலில் என்னிடம். என் விஷயத்தில் மாற்றம் நடந்தது இந்தச் சைக்கிளால்தான். இது இல்லாவிட்டால் மூன்றாவது மாதமே காருக்குத் திரும்பியிருப்பேன்.

காலையில் சுலோச்சன முதலியார் பாலத்தில் தாமிரபரணியைப் பார்த்துக்கொண்டு மிதிப்பது சுகம். 1843-இல் கட்டிய பாலம், இன்றும் பாரம் சுமக்கிறது. ஆனால் சுகத்தை மட்டும் சொல்லி உங்களை இறக்கிவிடக் கூடாது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது என்றால் இங்கே நமக்கு மேல்காற்று. காலையில் கிழக்கே போகும்போது முதுகில் தள்ளிக்கொண்டு போகும், மிதிக்கவே வேண்டாம். மாலையில் அதே காற்று முகத்தில் அறையும். வண்ணாரப்பேட்டை தாண்டிப் பாலம் ஏறுவதற்குள் நாக்கு தள்ளிவிடும். கயத்தாறு பக்கம் இத்தனை காற்றாலை ஏன் நட்டிருக்கிறார்கள் என்று அப்போது புரியும். சித்திரை, வைகாசியில் வேறு கதை. கைப்பையில் ஒரு மாற்றுச் சட்டை கட்டாயம்.

இன்னொன்று நேரம். காரில் வீட்டிலிருந்து ஆபீஸ் முக்கால் மணி. இப்போது ஒன்றேகால், சில நாள் ஒன்றரை. ஒற்றைத் தடம் என்பதால் எதிர் வண்டிக்கு வழி விட நின்றால் நின்றதுதான். மாலை வண்டியை விட்டால் பஸ்தான் கதி. ஒரு நாள் மேலாளரிடம் பேசிக்கொண்டே நின்று வண்டியைத் தவறவிட்டு, பத்தமடை வரை பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தேன். அதிலிருந்து சாயங்காலம் யார் கூப்பிட்டாலும் ‘வண்டிக்கு நேரமாச்சு’ என்று கிளம்பிவிடுகிறேன். ஆபீஸில் முதலில் முகம் சுளித்தார்கள், இப்போது பழகிவிட்டார்கள். மாதம் ஐயாயிரத்துக்கு மேல் மிச்சமாவது உண்மை. அதற்காகத் தினமும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கொடுக்கிறேன் என்பதும் உண்மை. சின்னப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்த ஒரு மணி நேரம் கட்டுப்படியாகுமா என்று என்னால் சொல்ல முடியாது. என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் ஒரு நாள் ராத்திரி பேப்பரில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் வீரவநல்லூரில் வேலை பார்க்கிறாள். “நாங்க 2021-லயே மாறியாச்சு. நீங்க இப்பத்தான் பேப்பரும் பேனாவுமா உக்காந்திருக்கீங்க” என்றாள். அந்த மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்ததிலிருந்து ஸ்கூட்டியை மகளிடம் கொடுத்துவிட்டு அவள் பஸ்ஸில்தான் போய்வருகிறாள். வீட்டில் பெட்ரோலை முதலில் மிச்சம் பிடித்தது யார் என்பதே எனக்கு உறைக்காமல் இருந்திருக்கிறது. எந்த பஸ்ஸிலும் ஏறிவிட முடியாது, அந்த பஸ்ஸுக்காகக் காத்து நிற்க வேண்டும் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

மின்சார ஸ்கூட்டர் பற்றியும் சிலர் கேட்பீர்கள். மச்சினன் வைத்திருக்கிறான், சந்தோஷமாகத்தான் இருக்கிறான். என் தூரத்துக்கு மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 35, 40 யூனிட் ஆகும். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், அதில் எழுபது எண்பது கூடும். ஏற்கெனவே 450, 480 என்று எரிக்கும் வீடு என்றால் கவனம். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் இல்லை, அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் சேர்த்தே கட்டணம் கூடும். அப்படிக் கூடினாலும் பெட்ரோலைவிடக் குறைவுதான், மறைப்பானேன். லட்ச ரூபாய் வாக்கில் கையிலிருந்து போட வேண்டியிருக்கிறது, அதனால்தான் நான் வாங்கவில்லை.

ரயில் பாதையில் வீடு இருப்பதால் எனக்கு இதெல்லாம் பேச முடிகிறது. திசையன்விளைக்காரரிடமோ மூலைக்கரைப்பட்டிக்காரரிடமோ போய் ‘ரயிலில் போங்கள்’ என்றால் அடிக்க வருவார்கள். ஊரிலேயே என் சித்தப்பா கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறார். பிசானப் பருவ நெல் அறுவடைக்கு மிஷின் வாடகை மணிக் கணக்கு, டீசல் ஏறினால் அதுவும் ஏறும். நான் சீசன் டிக்கெட் பெருமை பேசினபோது அவர் கேட்டார்: “ஒனக்கு ரயிலு இருக்கு, போற. கதிர் அறுக்க மிஷின என்னத்த ஊத்தி ஓட்டச் சொல்லுத?” பதில் இல்லை.

நீங்கள் மாற நினைத்தால் ஒன்று செய்து பாருங்கள். மாதக் கணக்கை விட்டுவிட்டு, வண்டி எடுக்கும் ஒவ்வொரு முறையும் எதற்கு எடுத்தோம் என்று ஒரு வாரம் மட்டும் எழுதி வையுங்கள். நான் எழுதியபோது ஆபீஸ் போக, பால் பாக்கெட்டுக்கும் கொத்தமல்லிக்கும் அரைக் கிலோமீட்டருக்கு நாலு முறை காரை எடுத்திருந்தது தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அதை அன்றைக்கே நிறுத்தினேன், அதற்கு ரயிலும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம்.

கார் சும்மா நின்றதில் ஒரு முறை பேட்டரி இறங்கிவிட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்டார்ட் பண்ணி ஆற்றுப் பாலம் வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருகிறேன். “விக்கிறதா இருந்தா எங்கிட்ட சொல்லும்வே” என்று சைக்கிள் கடை அண்ணாச்சி சொல்லி வைத்திருக்கிறார். மூட்டு வலியோடு இருக்கும் அம்மாவை மாதம் ஒரு முறை பாளையங்கோட்டை ஐகிரவுண்டுக்கு டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியிருக்கிறது. அந்தத் தேவை இருக்கும்வரை விற்பதாக இல்லை.