கையெழுத்தை நம்பி விலை பேசாதீர்கள்

கேள்வி: ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கம் வசிக்கிறேன். எங்கள் வீட்டுக்கார அம்மா இறப்பதற்கு முன்பு எனக்கு ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் கொடுத்தார். மேய்ச்சல் வெளியில் ஆடுகள், கீழே 'எச். ட்சூகல்' என்று கையெழுத்து. பழம்பொருள் வாங்குகிறவர் ஒருவர் 700 யூரோ தருவதாகச் சொல்கிறார். இதே ஓவியரின் படங்கள் ஏலத்தில் பல ஆயிரம் யூரோவுக்குப் போனதை இணையத்தில் பார்த்தேன். ஏலத்துக்குக் கொடுக்கலாமா?

பதில்: அந்த 700 யூரோவுக்குத் தலையாட்டாதீர்கள். ஏலத்துக்கும் அவசரப்படாதீர்கள். இது ட்சூகல் வரைந்ததா, அவர் பாணியில் வேறொருவர் வரைந்ததா என்று தெரியாதவரை யார் சொல்லும் விலைக்கும் அர்த்தமில்லை.

ஹைன்ரிஷ் ஃபொன் ட்சூகல் 1850-இல் முர்ஹார்ட்டில் பிறந்தவர். 1895 முதல் மியூனிக் கலைக்கழகத்தில் பேராசிரியர். கோடை வந்தால் மாணவர்களை ரைன் கரையில் இருக்கும் வொர்த் ஊருக்கு அழைத்துப்போய், வெயிலில் நிற்கும் ஆடு மாடுகளை நேரில் பார்த்து வரையவைத்தார். அதனால் அதே ஆடும் அதே வெளிச்சமும் பல பேர் கையிலிருந்து வந்திருக்கின்றன. அப்படியொரு படத்தில் பிற்காலத்தில் யாரோ அவர் பெயரை எழுதிவிட்டால், பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஏலப் பட்டியலில் ஓவியர் பெயர் மட்டும் இருந்தால், அவர் வரைந்தது என்று நிறுவனம் சொல்கிறது. 'அவருடையதாகக் கருதப்படுவது', 'அவர் வட்டம்', 'அவரைப் பின்பற்றி' என்றெல்லாம் சேர்ந்திருந்தால், அந்தப் பொறுப்பை அது ஏற்கவில்லை. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. இதற்கான விளக்கத்தைப் பொடி எழுத்தில் விதிமுறைகளுக்குள் புதைத்து வைப்பது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.

அப்புறம் பணக் கணக்கு. 2,000 யூரோவுக்குச் சுத்தியல் விழுந்தது, அதாவது ஏலம் அந்த விலையில் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் அதற்கு மேல் கால் பங்கோ இன்னும் கூடவோ கட்டணம் சேர்த்துக் கட்டுவார். இணையத்தில் சில இடங்களில் அந்தக் கூட்டுத் தொகையைத்தான் விலையாகப் போடுவார்கள். உங்களிடம் 20 சதவீதத் தரகு என்றால் 400 யூரோ, அந்தத் தரகுக்கு 19 சதவீத வரி 76. மிச்சம் 1,524. ஓவியத்தைப் புகைப்படம் எடுத்த செலவு, காப்பீடு என்று அதிலும் கழிப்பார்கள். விற்காவிட்டாலும் சில நிறுவனங்கள் கட்டணம் கேட்கும். விலைபோகாத செய்தி இணையத்தில் பதிவாகிவிடும், அடுத்த முறை வாங்க வருகிறவர் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார்.

வீடு தேடி வரும் வியாபாரிகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 'ரோமத்தோல் மேலங்கி, பழைய ஓவியம் வாங்குகிறோம்' என்று விளம்பரம் செய்துவிட்டு, உள்ளே வந்ததும் தங்கத்தைத்தான் கேட்பார்கள். அவர்களை உள்ளே விடாதீர்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு மதிப்புச் சான்றிதழ் தருகிறவர்களும் உண்டு. ஜெர்மனியில் 'நிபுணர்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம், சட்டம் தடுப்பதில்லை! வணிக, தொழில் சபை முறைப்படி நியமித்து, சத்தியப் பிரமாணம் எடுத்தவரா என்று கேளுங்கள். மதிப்பிடுகிறவரே வாங்கிக்கொள்ளவும் முன்வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு விதியையும் பொறுமையாகப் படியுங்கள். ஓவியர் இறந்து 70 ஆண்டுகள் வரை, வணிகர் அல்லது ஏலம் வழியாக 400 யூரோவுக்கு மேல் மறுவிற்பனை ஆனால் அவருடைய வாரிசுகளுக்கு ஒரு பங்கு உண்டு. 50,000 யூரோ வரை அது 4 சதவீதம். சட்டப்படி அதைக் கொடுக்க வேண்டியவர் விற்கிறவர். ட்சூகல் 1941-இல் இறந்தார், எனவே 2011 முடிவோடு அது தீர்ந்தது. ஆனால் பரிசோதித்தவர் இது அவருடைய மாணவர் யூலியுஸ் பவுல் யுங்ஹான்ஸ் வரைந்தது என்று சொன்னால்? அவர் இறந்தது 1958-இல், பங்கு 2028 முடிவு வரை உண்டு. இன்னொரு மாணவர் ஓட்டோ டில் என்றால், அவர் இறந்தது 1957, அதாவது பங்கு 2027 முடிவு வரை. பெயர் மாறினால் விலையும் மாறும், பிடித்தமும் மாறும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதைக் கேளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: படத்தைத் துடைக்காதீர்கள், அதன் ஃபிரேமை மாற்றாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், ஒட்டுச்சீட்டுகள், கையெழுத்து எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இரண்டு மூன்று ஏல நிறுவனங்களுக்கு அனுப்புங்கள். முதல் கருத்தைப் பெரும்பாலும் இலவசமாகவே சொல்வார்கள். படத்தை அந்த அம்மா உங்களுக்கு அன்பளிப்பாகத் தந்தார் என்று அவருடைய பிள்ளைகளிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். அது இல்லாவிட்டால் விற்ற பிறகு வாரிசுகள் உரிமை கேட்டு வரலாம்.