இனத்தைப் பார்த்து ஒருவரின் குணத்தைச் சொல்லிவிட முடியுமா?

"வெள்ளைக்காரன் நேர்மை, அரபி கோபக்காரன்" என்று வளைகுடா போய்வந்த கீழக்கரைக்காரர்கள் சொல்வது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கே பார்த்தார்கள் என்பதுதான் முக்கியம். அரபியை முதலாளியாக மட்டுமே பார்த்தவருக்கு, முதலாளியின் அதட்டலே அரபியின் குணமாகப் படுகிறது. அதே ஆள் தன் பிள்ளையைக் கொஞ்சுவதை அவர் பார்த்திருக்க மாட்டார்.

நாம் பார்த்தே இராதவர்களைப் பற்றியும் இப்படித் தீர்ப்புச் சொல்கிறோம். 1933-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கட்ஸ், பிரேலி என்ற இரு உளவியலாளர்கள் 84 குணச்சொற்களை 100 மாணவர்களிடம் கொடுத்து, 10 இன, தேசக் குழுக்களுக்குப் பொருத்தச் சொன்னார்கள். அதிகம் பழக்கமில்லாத துருக்கியரையும் கொடூரமானவர்கள் என்று பலர் குறித்தார்கள். 2005-இல் 49 பண்பாடுகளில் நடந்த ஆய்விலோ, ஒரு நாட்டாரைப் பற்றி நிலவும் பிம்பம் அங்குள்ள மக்களின் சராசரிக் குணத்தோடு பொருந்தவில்லை.

பாம்பனில் மீன் ஏலம் நடக்கும்போது கேட்டுப் பாருங்கள். எந்த வியாபாரி எடையில் கைவைப்பார், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று ஆள் ஆளாகப் பிரித்துச் சொல்வார்கள். ராமேசுவரத்துக்கு வரும் வடநாட்டார் என்றால் மட்டும், "எல்லாரும் கஞ்சப் பிசினாறி". நம்மவர்களைத் தனித்தனியாக அறிகிறோம், வெளியாட்களை மொத்தமாகக் கட்டிவிடுகிறோம். வாடகை வீடு கேட்டு வரும் பீகார் இளைஞர் வாய் திறக்கும் முன்பே நாம் "இல்லை" என்று சொல்வது இதனால்தான்.