டெட்ரா எல்லாத் தீனியையும் தின்கிறது, கோரிடோராஸ் மெலிகிறது

நுவரெலியாவில் உள்ள உங்கள் மீன்தொட்டியில் டெட்ரா மீன்களே தீனியை எல்லாம் தின்றுவிட, அடியில் மேயும் ஆறு கோரிடோராஸ் (சுருக்கமாகக் கோரி) மீன்களும் மெலிகின்றன என்று கேட்டிருந்தீங்க. தொட்டி லைட்டை அணைத்து அரை மணித்தியாலம் கழித்து, அடியில் மூழ்கும் தீனி வில்லையைப் போடுங்க. அதற்கு முன்னமே டெட்ராக்களுக்கு மிதக்கும் தீனி கொடுத்து வயிற்றை நிரப்பிவிடுங்க. உங்கள் ஆறு கோரிக்கும் இரண்டு வில்லை, இரண்டு மூலையில்.

டெட்ரா கண்ணால் தேடும். கோரி மீசையால் தடவிக் கண்டுபிடிக்கும். இருட்டில்தான் அதற்கு வாய்ப்பு. மிச்சம் மீதியைத் தின்று வாழும் என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க, பாவம், பட்டினியில் செத்துப்போகும்.

நுவரெலியாக் குளிரையும் பாருங்க. விடியற்காலையில் தண்ணீர் 20 பாகைக்குக் கீழே போனால் பல வகைகளுக்குப் பசி குறையும். ஹீட்டர் போட்டு, நாளுக்கு 1 பாகை வீதம் 24க்கு ஏற்றுங்க.

காலையில் வில்லை மிஞ்சிக் கிடந்தால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அளவைக் குறையுங்க. அழுகினால் அமோனியா ஏறும், மீசையும் அரிபடும். நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டியே இருந்தால் குடற்புழுவாக இருக்கலாம். அதற்குத் தீனியை மாற்றிப் பயனில்லை, மருந்துதான் வேணும்.