‘காணவில்லை’ என்று எழுதாதீர்கள்: திருட்டுப் புகார்கள் பற்றிய கேள்வி பதில்

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் நிலைய எழுத்தராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வுபெற்றவன் நான். திருட்டு, வழிப்பறி, பண மோசடி போன்றவற்றில் புகார் கொடுக்கப் போய், மனம் வெறுத்துத் திரும்பியவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். நிலத் தகராறும் குடும்ப வழக்கும் என் அனுபவத்துக்கு வெளியே இருப்பவை. அவற்றை வழக்கறிஞரிடம் கேட்பதே நல்லது.

கேள்வி: ஐயா, வீட்டு வாசலில் பூட்டி நிறுத்தியிருந்த என் பைக்கை இரவில் யாரோ எடுத்துச் சென்றுவிட்டார்கள். “ரெண்டு நாள் நீங்களே தேடிப் பாருங்க” என்று நிலையத்தில் சொன்னார்கள். மூன்றாம் நாள் போனபோது, அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். இருபது நாள் ஆகிவிட்டது. காப்பீட்டு நிறுவனம் எஃப்.ஐ.ஆர். கேட்கிறது. என்ன செய்வது?

தம்பி, நீங்கள் அனுப்பிய மனு நகலில் “நிறுத்தியிருந்த எனது வாகனத்தைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்று இருக்கிறது. உங்கள் சிக்கல் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ‘திருடப்பட்டது’ என்று நீங்கள் எழுதினால் அது குற்றத்தைச் சொல்லும் தகவல். அதை வாங்கியவர் வழக்குப் பதிவு செய்தாக வேண்டும். ‘காணவில்லை’ என்று எழுதினால் அது வெறும் விண்ணப்பமாகிவிடும், ரசீதோடு முடித்துவிடலாம். எழுத்தர் மேசைக்கு முன்னால் வெள்ளைத்தாளோடு உட்காரும் மனிதருக்கு இந்த வேறுபாடு தெரியாது, எதிரில் இருப்பவருக்குத் தெரியும். நானும் என் பணியின் தொடக்க ஆண்டுகளில், மேலே இருந்தவர் சொன்னார் என்பதற்காக, அழுதுகொண்டு வந்தவர்களிடம் “காணவில்லைன்னு போடுங்க” என்று சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இந்தப் பதில்களை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எங்கே நிறுத்தினீர்கள், எப்போது பார்த்தபோது இல்லை, பதிவெண், என்ஜின் எண், சேசிஸ் எண், மதிப்பு ஆகிய அனைத்தையும் குறிப்பிட்டு, “அடையாளம் தெரியாத நபர்கள் திருடிச் சென்றுவிட்டனர்” என்று புதிய புகார் எழுதுங்கள். 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, காக்னிசபிள் குற்றம், அதாவது நீதிமன்ற உத்தரவு இல்லாமலே காவல்துறை விசாரிக்கக்கூடிய குற்றம், தகவலில் வெளிப்பட்டால் முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதிவது கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவாகியிருக்கிறது. அதிலும் அந்தக் கடமை தொடர்கிறது.

ஆனால் புதிய சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் காவல் கண்காணிப்பாளரின் முன் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்கிறது 173(3). சாதாரணத் திருட்டுக்கு உச்சத் தண்டனை மூன்றாண்டு என்பதால் அது இந்த எல்லைக்குள் வந்துவிடுகிறது. “விசாரித்துக்கொண்டிருக்கிறோம்” என்று உங்களிடம் சொன்னால், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதி எந்தத் தேதியில் பெறப்பட்டது என்று பணிவாகக் கேளுங்கள். உங்கள் விஷயத்தில் 14 நாள் எப்போதோ கடந்துவிட்டது. வீட்டுக்குள்ளிருந்து திருடியிருந்தால் தண்டனை ஏழாண்டு வரை போகும். அங்கே இந்த வாசலே கிடையாது.

நிலையத்தில் மறுத்தால், அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமாக இருந்தால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு, விரைவுத் தபாலில் அனுப்பி ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். நிலையத்துக்குப் போன தேதியையும் நேரத்தையும் அதில் எழுதுங்கள். காவல் நிலையங்களில் சிசிடிவி இருக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம், அந்த வசதி இல்லாவிட்டால் குறைந்தது ஓராண்டு, வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நீங்கள் வந்து போனதற்கு அதுவே சாட்சி. அதற்கும் அசைவில்லையென்றால், அதே புதிய சட்டத்தின் 175(3)இன் கீழ்க் குற்றவியல் நடுவரிடம் பிரமாணப் பத்திரத்துடன் மனு போடலாம். கண்காணிப்பாளருக்கு அனுப்பிய ஒப்புகை இல்லாமல் அங்கே போனால் மனு நிற்காது.

காப்பீடு பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இன்றே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். எஃப்.ஐ.ஆர். உடனடியாகப் பதிவாகியிருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு எஃப்.ஐ.ஆரே தாமதமாகிக்கொண்டிருப்பதால், முதல் நாளே நிலையத்துக்குப் போனதைப் புதிய புகாரின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கேள்வி: சி.எஸ்.ஆரும் எஃப்.ஐ.ஆரும் ஒன்றுதானே?

இல்லை. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனுவைப் பெற்றதற்கான ரசீது. எஃப்.ஐ.ஆர். என்பது வழக்கு, அதற்குக் குற்ற எண் இருக்கும், சட்டப்பிரிவு இருக்கும், அது நீதிமன்றத்துக்கும் போகும். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று 173(2) சொல்கிறது.

கேள்வி: பேருந்தில் என் போனை அடித்துவிட்டார்கள். இறங்கிய இடத்து நிலையத்தில், “ஏறின ஊர்ல போய்க் கொடும்மா” என்றார்கள். ஏறிய ஊரில், “பழைய போன்தானே, நாலாயிரம்கூடப் போகாது, இதுக்கெல்லாம் கேஸ் இல்ல” என்றார்கள்.

குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று 173(1) இப்போது வெளிப்படையாகவே சொல்கிறது. பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு மாற்றுவது அவர்கள் வேலை. ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்று கேட்டாலே புரிந்துகொள்வார்கள்.

நாலாயிரம் என்று அவர் சொன்னது தற்செயலாக வந்த தொகை அன்று. திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்து, செய்தவர் முதல் முறை குற்றவாளியாகவும் இருந்து, பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை என்கிறது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2). அந்த வகைத் திருட்டு, நடுவரின் உத்தரவின்றி விசாரிக்க முடியாத குற்றமாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. திருடன் யாரென்றே தெரியாத நிலையில் அவன் முதல் முறை குற்றவாளி என்று எப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வாங்கிய ரசீதை இணைத்து, உண்மையான மதிப்பைப் புகாரிலேயே எழுதுங்கள். ‘தொலைந்துவிட்டது’ என்று எழுத வேண்டாம். போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொண்டு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் கருவியை முடக்கிவிடலாம். அதற்கும் காவல்துறைப் புகாரின் நகல் தேவைப்படும்.

கேள்வி: கல்லூரிச் சான்றிதழ் தொலைந்துவிட்டது. எஃப்.ஐ.ஆர். போட மறுக்கிறார்கள்.

இதில் அவர்கள் செய்தது சரி. யாரும் திருடவில்லை என்றால் குற்றமில்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கையை நீங்களே பதிவு செய்துகொள்ளலாம்.

கேள்வி: வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி என் தந்தையின் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார்கள். நிலையத்தில் வங்கிக்குப் போகச் சொல்கிறார்கள், வங்கியில் நிலையத்துக்குப் போகச் சொல்கிறார்கள்.

இரண்டு இடங்களுக்கும் முன்னால் இணையப் பண மோசடிகளுக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைத்திருக்க வேண்டும். இனி யாருக்கு நேர்ந்தாலும் முதல் மணி நேரத்திலேயே அழைக்கச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்கில் கிடக்கும் வரைதான் அதை முடக்க முடியும்; ஐந்தாறு கணக்குகளுக்குப் பிரித்து எடுத்துவிட்டால் யாராலும் எளிதில் மீட்க முடியாது. வங்கிக்கு எழுத்தில் தெரிவித்துத் தேதியிட்ட ஒப்புதல் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வெளியே நிகழ்ந்திருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்திருந்தால், வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. உங்கள் தந்தை ஓ.டி.பி.யைச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவித்த நேரம் வரையிலான இழப்பு அவருடையதாகிவிடும். அதற்குப் பிறகு போனது வங்கியைச் சேரும். அந்த நேரத்தை நிரூபிக்கத்தான் ஒப்புதல் தேவை.

கேள்வி: என் மகனின் சைக்கிள் போய்விட்டது. மனு வாங்கினார்கள், எஃப்.ஐ.ஆர். போடவில்லை.

மனுவில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். மீதி முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி: நான் பணியில் இருக்கும் ஒரு காவலரின் மனைவி. நீங்கள் எழுதுவது வருத்தமளிக்கிறது. பந்தோபஸ்து, கோர்ட் பணி, சம்மன் என்று அவர் வீட்டில் தூங்கும் இரவுகளே குறைவு. வருகிற புகாரையெல்லாம் வழக்காக்கினால் யார் விசாரிப்பது? மாதாந்திரக் கூட்டத்தில், “உன் எல்லையில் மட்டும் திருட்டு ஏன் கூடியது?” என்று கேட்பவர்களுக்கு யார் பதில் சொல்வது?

அம்மா, நீங்கள் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. அந்தக் கூட்டங்களுக்கான எண்ணிக்கைப் பட்டியலைத் தயாரித்தவன் நான். போன ஆண்டு இதே மாதத்தின் எண்ணிக்கையை விட இந்த ஆண்டு எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தாலும் ஆய்வாளரின் முகம் மாறிவிடும். ஆனால் திருட்டு எண்ணிக்கை காகிதத்தில் குறைந்தால், அந்த எல்லை அமைதியான எல்லையாகிவிடுகிறது. அமைதியான எல்லைக்குக் கூடுதல் ஆட்களை யாரும் தர மாட்டார்கள். உங்கள் கணவர் தூங்காமல் இருப்பதற்கு, பதியாமல் விட்ட புகார்களும் ஒரு காரணம்.

(இன்னொருவர்): ஓய்வுபெற்ற பிறகு இப்படிப் பேசுவது எளிது ஐயா. பதிந்தால் மட்டும் பைக் கிடைத்துவிடுமா? எனக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஓராண்டாகிறது, ஒருவரும் வீட்டுப் பக்கம் வரவில்லை.

நீங்கள் கேட்பது நியாயம். பணியில் இருந்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும், எல்லா நேரமும் சொல்லவில்லை. ஆனால் பதிவதால் என்ன பயன் என்பதற்கு, நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு நிலையத்தில் வாகனத் திருடன் ஒருவன் பிடிபட்டான். அவன் காட்டிய இடத்திலிருந்து பதினொரு வண்டிகளைக் கொண்டுவந்து நிலையத்தின் பின்புறம் வேப்ப மரத்தடியில் நிறுத்தினோம். பதிவெண் பலகைகளைக் கழற்றியிருந்தான், சிலவற்றில் சேசிஸ் எண்ணையும் அரம் கொண்டு தேய்த்திருந்தான். அக்கம்பக்கத்து நிலையங்களின் குற்ற எண்களோடு ஒப்பிட்டதில் ஏழு வண்டிகளுக்குத்தான் வழக்கு இருந்தது. மற்ற நான்கும் மழையில் நனைந்துகொண்டு நின்றன. சில வாரம் கழித்து, வேறு வேலையாக வந்த ஒருவர் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஒரு வண்டியின் இருக்கையைத் தூக்கி, உள்ளே அவருடைய மகள் ஒட்டியிருந்த பட்டாம்பூச்சிப் படத்தை எங்களுக்குக் காட்டினார். எட்டு மாதத்துக்கு முன்பு அடுத்த எல்லையில் புகார் கொடுத்திருக்கிறார். அவர் கையில் இருந்தது ‘காணவில்லை’ மனுவின் ரசீது. அதற்குப் பிறகு வழக்குப் பதிந்து, நீதிமன்றத்தில் மனு போட்டு, வண்டியை அவர் ஓட்டிச் செல்ல மேலும் பல மாதங்கள் ஆயின. வழக்கு இல்லாத பொருள் கிடைத்தாலும் அதற்கு உரியவர் இல்லை.

உங்களுக்கு யாரும் வராதது வேறு குறை. விசாரணையின் நிலையை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு, குற்ற எண்ணையும் எழுதி, துணைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். விசாரணை ஒழுங்காக நடக்கிறதா என்று கவனிக்கும் அதிகாரம் நடுவருக்கும் உண்டு. 2007 டிசம்பரில் சகிரி வாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

(காவலரின் மனைவி): வேப்ப மரத்தடி வண்டிகளை எண்ணித் துடைத்து வைப்பதும் என் கணவர் போன்றவர்கள்தானே ஐயா? திட்டு விழுவது அவர்களுக்கு, எண்ணிக்கை கேட்பது வேறொருவர்.

உண்மை அம்மா. குற்றத்தைப் பதிந்ததற்காக ஒரு நிலையத்தைக் கடிந்துகொள்ளும் வழக்கம் மேலிருந்து நிற்க வேண்டும். பாரா நிற்கும் காவலர் மீது எனக்குக் கோபமில்லை.

கேள்வி: கடையில் திருட்டு. எஃப்.ஐ.ஆர். மறுப்பு. மனுவை இணைத்திருக்கிறேன்.

இணைத்த மனுவில் மீண்டும் ‘பொருட்களைக் காணவில்லை’ என்றே இருக்கிறது. இதே நிலையில் மேலும் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத என்னால் இயலாது. முதல் பதிலைப் படித்துவிட்டு, புகாரைத் திருத்தி எழுதிய பிறகும் மறுத்தால் மட்டும் கேளுங்கள்.

கேள்வி: நண்பருக்குக் கொடுத்த கைமாற்றுப் பணத்தைக் காவல்துறை வாங்கித் தர மறுக்கிறது.

அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. நிலையத்தில் உட்கார்ந்து பணம் வசூலித்துத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அதற்குப் பெயர் கட்டப்பஞ்சாயத்து. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: என் தாயாருக்கு 66 வயது. சங்கிலியைப் பறித்துவிட்டார்கள். விசாரணை என்று நான்கு முறை நிலையத்துக்கு வரச் சொல்லிக் காக்க வைத்தார்கள்.

பெண்களையும் 60 வயதைக் கடந்த ஆண்களையும் விசாரணைக்கு வீட்டைத் தவிர வேறிடத்துக்கு வரச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் தாயார் பெண் என்பதே போதும், வயதைப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து வாக்குமூலம் வாங்குமாறு எழுத்தில் கேளுங்கள். பறிப்புக்கு இப்போது நியாய சன்ஹிதாவில் 304 என்ற தனிப் பிரிவு இருக்கிறது, எஃப்.ஐ.ஆரில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: திருடனைப் பிடித்து நகையை மீட்டுவிட்டார்கள். வழக்கு முடிந்தால்தான் தருவார்களாம்.

அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், மீட்ட பொருட்களைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, பிணைப்பத்திரம் பெற்று, உரியவரிடம் விரைவில் ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. எஃப்.ஐ.ஆர். நகல், நகை ரசீது, நகை அணிந்திருக்கும் பழைய புகைப்படம் ஆகியவற்றோடு நடுவர் நீதிமன்றத்தில் மனு போடுங்கள். கேட்கும்போது நகையைக் கொண்டுவந்து காட்டுவதாக எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். வழக்கு முடியும் வரை அதை அழித்துச் செய்யவோ விற்கவோ கூடாது.

கேள்வி: ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று வழக்கை முடித்து நோட்டீஸ் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதாக மட்டும் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ‘ஆட்சேபணை இல்லை’ என்ற வரி இருந்தால் அடித்துவிட்டுப் போடுங்கள். வழக்கை முடிக்கும் அறிக்கையை நடுவர் ஏற்பதற்கு முன் புகார்தாரரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது 1985ஆம் ஆண்டு பகவந்த் சிங் வழக்கிலிருந்து உள்ள விதி. விசாரிக்காமல் விட்ட சிசிடிவிப் பதிவோ சாட்சியோ இருந்தால், அதைக் குறிப்பிட்டு ஆட்சேபணை மனு தாக்கல் செய்யுங்கள். வாகனக் காப்பீட்டுக்காகத்தான் அந்த அறிக்கை வேண்டுமென்றால் ஆட்சேபிக்க வேண்டாம், சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள்.