டவுன்ஸ்வில் வேஸ்ட் இல்ல தம்பி

அண்ணா வணக்கம். 2027 ரக்பி உலகக்கோப்பைக்கு ஆஸ்திரேலியா போகலாம்னு இருக்கேன், லீவு மூணு வாரம்தான். கடைசி மூணு வாரம் போயி சிட்னில ஃபைனல் பாத்தா போதும், டவுன்ஸ்வில், நியூகாசில் பக்கம்லாம் சின்ன டீம் மேட்ச், அது வேஸ்ட்னு ஃபிரண்ட்ஸ் சொல்றாங்க. நீங்க 2019ல ஜப்பான் முழுக்க ரயில்லயே சுத்துனீங்களே, இங்கயும் அப்படி முடியுமா? ஃபைனலுக்கு எவ்வளவு எடுத்து வைக்கணும்?

தம்பி,

ரயில் பேச்ச விடு. ஜப்பான்ல 21 நாள் பாஸ் வாங்கி சுத்தினேன், அங்க அது நடந்துச்சு. பெர்த்துக்கும் சிட்னிக்கும் நடுவுல மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல, பிளேன்தான். ஃபைனல் காசு கணக்கு நீயே பாத்துக்கோ.

ஆனா "வேஸ்ட்"னு எழுதியிருக்க பாரு, படிச்சதும் சுர்ருனு ஏறிச்சு. போன வாரம்தான் பழைய பெட்டிய கிளறும்போது ஜப்பான்ல கமாய்ஷிங்குற ஊருல பாத்த மேட்ச் டிக்கெட் கெடச்சுது, ரெண்டு நாளா அதே நெனப்பு, அப்பதான் உன் லெட்டர் வருது.

2019 செப்டம்பர் 25, புதன்கிழமை, அந்த வருஷ ரக்பி உலகக்கோப்பைல ஃபிஜி - உருகுவே. டோக்கியோலேருந்து ஷின்கான்சென் புல்லட் ரயில்ல ஷின்-ஹனமாகி ஸ்டேஷன், அங்க எறங்கி மலைக்குள்ள நெளிஞ்சு போற குட்டி ரயில். கமாய்ஷி கடலோரத்துல இரும்பாலை ஊரு, அந்த ஆலை ரக்பி டீம்தான் 1979லேருந்து 85 வரைக்கும் தொடர்ந்து ஏழு வருஷம் ஜப்பான் சாம்பியன். 2011 சுனாமி ஆயிரம் பேருக்கு மேல கொண்டு போயிடுச்சு. ஸ்டேடியம் நிக்கிற எடத்துல அதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்கூல் இருந்துச்சு, அன்னிக்கு பெரிய பசங்க சின்னதுங்க கைய புடிச்சு மேட்டப் பாத்து இழுத்துட்டு ஓடி தப்பிச்ச ஸ்கூலுங்க.

பக்கத்து சீட்டுல ஒரு பாட்டி. அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்கு ஜப்பானீஸ் தெரியாது. சோத்து உருண்டை ஒண்ண என் கையில வெச்சாங்க. அப்புறம் மைதானத்தக் காட்டி, கைய தலைக்கு மேல தூக்கி, எக்கி இன்னும் மேல தூக்கி, தண்ணி இவ்ளோன்னு காட்டினாங்க. நான் நாகப்பட்டினம் பக்கம் பொறந்தவன்டா, எனக்கு யாரும் வெளக்கம் சொல்ல வேண்டியிருக்கல. மீன் நெறைய கெடச்சா படகுல கட்டுற கலர் கலரான கொடி அங்க உண்டு, ஊரே அத ஆட்டுது, உருகுவேக்கும் ஆட்டுது ஃபிஜிக்கும் ஆட்டுது. உருகுவே 30-27ல ஜெயிச்சுது, 2003க்கு அப்புறம் உலகக்கோப்பைல அவங்களுக்கு மொத வெற்றி, கேப்டன் காமினாரா பேட்டி குடுக்கும்போதே அழுதுட்டாரு.

இதையா நீ வேஸ்ட்ங்குற? யோகோஹாமால ஜப்பான் ஸ்காட்லாந்த 28-21ல அடிச்ச மேட்சும் பாத்தேன், சத்தத்துல காதே அடைச்சுது, இல்லன்னு சொல்லல. ஆனா அதே நாள், அக்டோபர் 13ல, கமாய்ஷில நடக்க வேண்டிய கனடா - நமீபியா மேட்ச் புயல்ல ரத்தாச்சு, கனடா பசங்க கிளம்பிப் போகாம மண்வெட்டி எடுத்து தெருவுல சேறு அள்ளுனாங்க. இன்னிக்கு எனக்கு யோகோஹாமால யார் எந்த ட்ரை (ஃபுட்பால்ல கோல் மாதிரி) போட்டான்னு கூட சரியா சொல்லத் தெரியாது, கமாய்ஷின்னா அந்தப் பாட்டி எக்குனது வரைக்கும் கண்ணுல நிக்குது.

உன் கணக்கே எடுத்துக்கோ. அக்டோபர் 1ல தொடங்குது, நவம்பர் 13 ஃபைனல், ஆறு வாரம். உன்கிட்ட மூணு வாரம், முதல் பாதியோ கடைசி பாதியோ ஏதோ ஒண்ணுதான். முதல் பாதிக்குப் போ. மொத தடவையா 24 டீம் வருது, அத்தனையையும் அப்பதான் பாக்க முடியும். ஃபைனல வீட்டுல உக்காந்து டிவில பாரு, ஒண்ணும் குறைஞ்சிடாது. ஃபிரண்ட்ஸ் சொன்னாங்களாம்! லீவு உன்னுது, காசு உன்னுது, எங்க போகணும்னு அவங்களா சொல்றது?

கோவிச்சுக்காத, உன் மேல உரிமை இருக்குன்னு நெனச்சுதான் திட்டுறேன். டவுன்ஸ்வில்லுக்கு டிக்கெட் போட்டதும் எழுது. கிளம்பும்போது பாட்டி அவங்க கையில இருந்த சின்ன கொடிய எனக்கு குடுத்துட்டுப் போனாங்க, பெட்டில டிக்கெட்டோட அதுவும் இருக்கு, ஓரம் கொஞ்சம் பிரிஞ்சிருக்கு, தெச்சு அனுப்புறேன். அங்க போயி ரெண்டு டீமுக்கும் ஆட்டு.